குடியிருக்காத வீட்டை ஈடுவைத்துத் தனியார் கடன்
(வியாபாரிகளுக்கான சட்டப் பாடம்)

நம் வணிக அன்பர்களிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு நடமாடி வருகிறது. "சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தால்தான் சட்டம் தலையிடும். வாடகைக்கு விட்டிருக்கும் வீடு வியாபாரச் சொத்து. அதன்மேல் இருவர் பேசி முடித்துக்கொள்ளும் கடனுக்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை" என்பதே அந்தப் பேச்சு. இதைச் சொல்பவர்கள் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்வதில்லை. வெளிநாட்டில் அப்படித்தான் என்று சான்றும் காட்டுகிறார்கள். வெளிநாட்டைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. நம் நாட்டைப் பற்றிச் சொல்வதில்தான் பிழை. அந்தப் பிழையை நம்பிக் கொடுத்தவர் பணத்தையும், வாங்கியவர் வீட்டையும் இழக்க நேரிடும் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் அந்த வெளிநாட்டுக் கதை. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு கடன் விவரங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அது குடும்பத் தேவைக்காகக் கடன் வாங்குபவரைக் காக்கும் சட்டம். தொழிலுக்காக வாங்கும் கடன் அதன் வரம்புக்குள் வராது. உரிமையாளர் தாம் குடியிராமல் வாடகைக்கு விடும் வீட்டை வாங்கவோ செப்பனிடவோ பெறும் கடன் தொழிற்கடன் என்றே அங்கு கொள்ளப்படுகிறது. 2008-ஆம் ஆண்டு வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிறகு 2010-இல், கடனாளியால் திருப்பிக் கட்ட முடியுமா என்று ஆராய்ந்தே கொடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதிலும் தொழிற்கடன் சேரவில்லை. மாநிலந்தோறும் வட்டிச் சட்டங்கள் தனியே உண்டு என்றாலும், கடனாளியைக் காக்கும் பெரிய வேலி வாடகை வீட்டைச் சுற்றி இல்லை என்பது சரியே.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் வீட்டு அடமானக் கடன்கள் அரசாங்கக் கண்காணிப்புக்குள் வந்தன. ஆனால் கடனாளியோ அவருடைய நெருங்கிய உறவினரோ அந்தச் சொத்தில் குறைந்தது நூற்றுக்கு 40 பாகத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால்தான் அந்தக் கண்காணிப்பு. வாடகைக்கு விடவே வாங்கும் வீடு பொதுவாக அதற்கு வெளியே நின்றது. 2016 மார்ச் 21 முதல், தற்செயலாக வீட்டு உரிமையாளர் ஆனவர்களுக்கு மட்டும் ஓரளவு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது.

ஆக, அந்த நாடுகளின் சட்டம் வீட்டு வாசலில் நின்று "உள்ளே குடியிருப்பவர் யார்?" என்று கேட்கிறது. நம் மலேசியச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "கொடுத்தவர் யார்? கொடுத்த முதலுக்கு மேல் ஒரு காசாவது கேட்டாரா?" என்றுதான் அது கேட்கிறது. வீட்டில் உரிமையாளர் இருந்தாலும், வாடகைக்காரர் இருந்தாலும், வீடு பூட்டியே கிடந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

இதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. நம்முடைய கடன் கொடுப்போர் சட்டம் 1951-இல் பிறந்தது. இன்று அது 400-ஆம் எண் சட்டம். இங்கிலாந்தின் 1900, 1927 ஆண்டுகளின் பழைய வட்டித் தொழிற் சட்டங்களை ஒட்டி எழுந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. தாய்நாடான இங்கிலாந்து அந்தச் சட்டங்களை 1974-இல் கைவிட்டு, கடனாளியை நடுவில் வைத்து வேறு வழியில் போய்விட்டது. நாமோ கடன் கொடுப்பவரைக் கண்காணிக்கும் பழைய வழியிலேயே நின்று, வேலியை இன்னும் உயர்த்திக் கட்டியிருக்கிறோம். லெபோ அம்பாங்கிலும் பினாங்குத் தெருவிலும் செட்டியார்களின் கிட்டங்கிகள் நடந்த காலத்தையும், 1930-களின் மந்தத்தில் ஈடுவைத்த நிலங்கள் கைமாறியதையும், 1933-ஆம் ஆண்டின் மலாய் ரிசர்வ் நிலச் சட்டம் அதன் எதிரொலியாக இறுக்கப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு, நிலத்தின்மேல் தனியார் கடன் என்றால் இந்நாட்டுச் சட்டம் ஏன் புருவத்தை நெரிக்கிறது என்பது விளங்கும்.

கடன் தேவை எங்கே பிறக்கிறது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஈப்போவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு வீடுகள் மீது வங்கிக் கடன் நடந்துகொண்டிருக்கிறது. இவை தவிர, கடன் முழுதும் தீர்த்த பழைய வீடு ஒன்றும் உண்டு. அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போது 5,00,000 வெள்ளிக்கு இன்னொரு வீடு வாங்கி அதையும் வாடகைக்கு விட நினைக்கிறார். வங்கிக்குப் போனால், 2010 நவம்பரில் பேங்க் நெகாரா விதித்த வரம்பு குறுக்கே நிற்கிறது. அஃதாவது, வீட்டுக் கடன்களில் மூன்றாவதாக வருவதற்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 70-க்கு மேல் வங்கி கொடுக்கலாகாது. கவனிக்க: இங்கும் யார் குடியிருக்கிறார் என்ற கேள்வி இல்லை. எத்தனையாவது கடன் என்ற எண்ணிக்கைதான்.

வங்கி 3,50,000 வெள்ளி தரும். மீதி 1,50,000 வெள்ளிக்கு அவர் எங்கே போவார்? பக்கத்துக் கடை நண்பரிடம் போவார். நண்பரும் மறுக்க மாட்டார். "மாதம் ஒன்றரை வட்டி" என்று பேச்சு முடியும். சிலர் வட்டி என்ற சொல்லுக்குக் கூச்சப்பட்டு, "ஒப்புக்கொண்ட இலாபம்" என்று எழுதிக்கொள்வார்கள். ஆண்டுக்கு 27,000 வெள்ளி. பழைய வாடகை வீட்டின் கிராண்ட் நண்பரின் இரும்புப் பெட்டிக்குள் போகும். கூடவே தேதியிடாத விற்பனை ஒப்பந்தம் ஒன்றும், பவர் பத்திரம் ஒன்றும் கையெழுத்தாகும். இருவரும் தேநீர் குடித்துப் பிரிவார்கள். இருவருமே நல்லவர்கள்தாம். ஆனால் அந்த மேசையில் நடந்தது சட்டத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம்.

ஒரே ஒரு கடன் போதும்

முன்பெல்லாம் ஒருவரை வட்டித் தொழில் செய்பவர் என்று காட்ட வேண்டுமானால், அவர் திரும்பத் திரும்ப, முறையாக, பலருக்கும் கொடுத்து வந்தார் என்று எதிராளி நிரூபிக்க வேண்டியிருந்தது. "நான் ஒரே ஒருமுறை, தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தேன்" என்பது வலுவான பதிலாக இருந்தது. இப்பொழுதும் நம்மவர் பலர் அந்தப் பழைய பாடத்தையே நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது. அத்திருத்தம் நுழைத்த 10ஓஏ பிரிவின்படி, வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்ததாக நிரூபணமானாலும், கொடுத்தவர் வட்டித் தொழில் நடத்துபவர் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்டும் பாரம் கொடுத்தவர் தலையில் விழுகிறது.

வட்டி எது என்பதிலும் தப்பிக்க வழி இல்லை. எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், கடனுக்காக முதலுக்கு மேல் செலுத்தப்படும் எந்தத் தொகையும் வட்டியே என்பது சட்டம் தரும் இலக்கணம். முத்திரை வரி, சட்டப்படியான கட்டணம், வழக்கறிஞர் செலவு ஆகியவை மட்டுமே விலக்கு. 2023-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கிலும் நட்புக் கடன் என்ற தலைப்பும், ஒப்புக்கொண்ட இலாபம் என்ற சொல்லும் பத்திரத்தில் இருந்தன. அந்த இலாபம் வட்டியே என்றும், மேற்படி அனுமானம் பொருந்தும் என்றும் நீதிமன்றம் தீர்த்தது. ஹிபா, அன்பளிப்பு, சன்மானம், கமிஷன் என்று பெயரை மாற்றி எழுதும் அன்பர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். மார்க்க நோக்கிலும் பெயர் மாற்றத்தால் பொருள் மாறிவிடுவதில்லை என்பதை நம் ஆலிம்கள் பலகாலமாகச் சொல்லியே வருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது.

லைசென்ஸ் இல்லாதவர் வட்டிக்குக் கொடுத்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது என்கிறது 15-ஆம் பிரிவு. செல்லாத கடனுக்குப் பிணையாக வந்த ஈடும் அத்துடன் சாய்ந்துபோகும். இரும்புப் பெட்டியில் இருக்கும் கிராண்ட் அப்போது பணத்தைப் பெற்றுத் தராது. முதல் கூடக் கைவிட்டுப் போகலாம். அத்துடன் குற்றவியல் வழக்கும் உண்டு. லைசென்ஸ் இன்றி வட்டித் தொழில் நடத்தியதாகத் தீர்ப்பானால் அபராதம் 2,50,000 வெள்ளிக்குக் குறையாமலும் 10,00,000 வெள்ளிக்கு மேற்படாமலும் விதிக்கப்படலாம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் உதாரணத்தில் நண்பர் எதிர்பார்த்தது 27,000 வெள்ளி. அவர் பணயம் வைத்தது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

"அப்படியானால் கடன் வாங்கியவருக்கு யோகம்தானே?" என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். தேதியிடாத விற்பனை ஒப்பந்தமும் பவரும் கொடுத்தவர் கையில் இருக்கின்றன. அவர் மனம் மாறி வீட்டைத் தம் பெயருக்கோ தம் ஆள் பெயருக்கோ மாற்றி, அதை விவரம் அறியாத மூன்றாமவர் ஒருவருக்கு விற்றுவிட்டால்? முதல் மாற்றத்தை நீதிமன்றம் புரட்டிப் போடலாம். விற்பனை வேடத்தில் வந்த கடன் என்று பல வழக்குகளில் திரையை விலக்கிப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து அடுத்து வாங்கியவரை நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு காக்கிறது. முறைகேடாகப் பெயர் மாறியதும், முதலில் பெயர் மாற்றிக்கொண்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியபோதும், அவருக்கு அடுத்து வாங்கியவருக்கான பாதுகாப்பு நிலைத்தே நின்றது. வாடகை வீடாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். தாம் குடியிருக்கும் வீட்டை யாராவது பார்க்க வந்தால் உடனே தெரியும். வாடகைக்காரர் இருக்கும் வீட்டில் புதியவர் வந்து வாடகை கேட்கும்வரை உரிமையாளருக்குச் செய்தி எட்டாது.

ஆதலால் தேதியிடாத விற்பனை ஒப்பந்தத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திடாதீர்கள். நெருங்கிய உறவினர் கேட்டாலும் இடாதீர்கள்.

ஒத்தி என்னும் ஊர் வழக்கம்

இங்கே நம்மவருக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒத்தி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. போக்கியம் என்றும் சொல்வார்கள். பணம் கொடுத்தவர் வீட்டைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, தாமே குடியிருப்பார் அல்லது வாடகைக்கு விட்டு அந்த வாடகையை அனுபவிப்பார். வட்டி கிடையாது. தவணை முடிந்ததும் முதலைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் இந்த அனுபோக அடமானத்தை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே அது பத்திர ஆபீஸில் பதியும் சாதாரண நடவடிக்கை.

அதே பழக்கத்தில் இங்கும் சிலர், "வட்டி வேண்டாம், வீட்டு வாடகை எனக்கு வரட்டும்" என்று கடன் கொடுக்கிறார்கள். மாதம் 1,200 வெள்ளி வாடகை வரும் வீட்டின்மேல் 1,00,000 வெள்ளி கொடுத்தால், ஆண்டுக்கு 14,400 வெள்ளி கையில் சேருகிறது. வட்டி என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் சட்டத்தின் இலக்கணத்தை மீண்டும் படியுங்கள்: எந்தப் பெயரிட்டாலும், கடனுக்காக முதலுக்கு மேல் செலுத்தப்படும் எந்தத் தொகையும். வாடகை அந்த வலைக்குள் விழுந்துவிடும் என்றே நான் கருதுகிறேன். இங்குள்ள நிலச் சட்டத்தில் ஒத்தி என்ற ஒரு பதிவும் கிடையாது. வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது ஒரு கடன் சீட்டும், மாதாமாதம் முதலுக்கு மேல் பெற்றுக்கொண்ட பணத்தின் வங்கிக் கணக்கும்தான். கொடுத்த கடனைச் சாக்காக வைத்துப் பெறும் பயன் ரிபாவைச் சேர்ந்தது என்பதே மார்க்க அறிஞர்களின் பொது நிலை என்பதால், ஒத்தியைத் தேர்ந்தெடுத்தவர் இரு வகையிலும் தாம் ஒதுங்க நினைத்த இடத்திலேயே போய் நிற்கிறார். ஊரில் தாத்தா செய்தார் என்பது இங்கே சமாதானமாகாது.

மலாய்க்காரர்களிடையே ஜுவால் ஜாஞ்ஜி என்று ஒன்று உண்டு. விற்றவர் குறித்த காலத்துக்குள் பணத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் விற்பனை. இந்நாட்டு நீதிமன்றங்கள் அந்த வழக்கத்தை அறிந்தவை. ஆனால் அதையே வட்டிக் கடனுக்கு வேடமாகப் போர்த்தினால், வேடத்துக்குள் இருப்பதையே பார்ப்பார்கள்.

லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கினால்

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் லைசென்ஸ் பெற்றவரிடம் கடன் வாங்குவது சட்டபூர்வமானது. அவருக்கும் கடிவாளம் உண்டு. ஈடு வைத்த கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. ஈடு இல்லாத கடனுக்கு 18 சதவிகிதம். நம் துணிக்கடைக்காரர் 1,50,000 வெள்ளியை வீட்டை ஈடுவைத்து வாங்கினால் ஆண்டு வட்டி 18,000 வெள்ளி, மாதம் 1,500. நண்பர் கேட்ட "ஒன்றரை வட்டி" ஆண்டுக்கு 18 சதவிகிதம் ஆகிறது. லைசென்ஸ் உள்ளவரே கேட்டிருந்தாலும் வீட்டை ஈடாக வாங்கிக்கொண்டு அவ்வளவு கேட்க முடியாது என்பதைக் கவனிக்கவும்.

வட்டிக்கு வட்டி தடை. தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டும் நாள் கணக்கில் ஆண்டுக்கு 8 சதவிகிதம். 5,000 வெள்ளித் தவணை 30 நாள் தாமதமானால் கூடுதலாகக் கட்ட வேண்டியது 32 வெள்ளி 88 காசு. சிலர் நாளொன்றுக்கு நூறு வெள்ளி என்று பயமுறுத்துவார்கள். அது சட்டமல்ல. நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, சேரும் வட்டி அவ்வப்போது நிற்கும் முதலை மிஞ்சி வசூலிக்கப்படலாகாது. முன்பணமாகச் செயற்பாட்டுக் கட்டணம் என்று பிடித்துக்கொள்வதும் கூடாது. முத்திரை, சட்டக் கட்டணம், வழக்கறிஞர் செலவு தவிர வேறெதையும் கடனாளியிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

ஒப்பந்தம் விதிகளில் குறித்த பாரத்தின்படி எழுதப்பட வேண்டும். பணம் கைக்கு வருமுன் கையெழுத்தாகி, முத்திரையிட்ட பிரதி கடனாளியிடம் கொடுக்கப்பட வேண்டும். வழக்கறிஞர் முதலிய, சட்டம் அனுமதித்த சான்றாளர் ஒருவர் ஷரத்துகளை விளக்கிச் சொல்லி, கடனாளி புரிந்துகொண்டார் என்று சான்றிட வேண்டும். பாரத்தில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்துக் கேட்பவர் சுவரில் எத்தனை லைசென்ஸ் மாட்டியிருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

வட்டியில்லாமல் கொடுக்க விரும்புவோருக்கு

நம் சமூகத்தில் இன்னும் பலர் அழகிய கடனாகவே கொடுத்து வாங்குகிறார்கள். கொடுத்த 1,50,000 வெள்ளியைத்தான் திரும்பக் கேட்பார்கள். சட்டத்தின்படி வட்டித் தொழில் என்பது வட்டிக்குக் கொடுப்பதே. ஆகவே ஒரு காசும் கூடுதலாகக் கேளாத கடன் இந்தச் சட்டத்தின் பிடிக்குள் வருவதில்லை. அது சாதாரண ஒப்பந்தம். அதற்கு ஈடும் வாங்கலாம். பிறர் குடியிருக்கும் வீட்டை ஈடாகப் பெறுவதிலும் தடையில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் கட்டளையிடுகிறது. அடுத்த வசனம் ஈடு பற்றிப் பேசுகிறது. இருந்தும் நம்மிடையே "நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு?" என்ற பெருமைப் பேச்சுக்குக் குறைவில்லை. அந்தப் பெருமை வாரிசுகள் காலத்தில் வழக்காக முடிவதைக் கண்டிருக்கிறோம்.

எழுதும்போது கடன் தொகை, திருப்பும் தேதி, தவணை, ஈடு ஆகியவற்றைத் தெளிவாகக் குறியுங்கள். கூடுதல் தொகை ஏதும் இல்லை என்றும் எழுதுங்கள். அபராதம், தாமதக் கட்டணம் என்று எதையும் நுழைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரி முழுப் பத்திரத்தையும் வேறு கூண்டில் நிறுத்திவிடும். கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு 5 வெள்ளி. 1,50,000 வெள்ளிக்கு 750 வெள்ளி. முத்திரையிடாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஈட்டைப் பொறுத்தவரை, கிராண்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது மட்டும் போதாது. சரியான வழி, 16ஏ பாரத்தில் நில அலுவலகத்தில் சார்ஜ் பதிவு செய்வது. தேசிய நிலச் சட்டம் எந்தக் கடனுக்கும் சார்ஜ் பதிய இடம் தருகிறது. பதிந்தபின் தவணை தவறினால், ஒரு மாதமாவது தவறு நீடித்தபின் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, உரிமைப் பத்திரத்தின் வகையைப் பொறுத்து உயர்நீதிமன்றத்திலோ நில நிர்வாகியிடமோ விற்பனை உத்தரவு கேட்கலாம். ஏலம் பொதுவில் நடக்கும். கடன் போக மீதி வீட்டுக்காரருக்குப் போகும். இரண்டாவது வழி, கிராண்டை ஒப்படைத்து, ஈட்டுக் கேவியட் நுழைப்பது. இதில் விற்கப் போகுமுன் கடனுக்குத் தீர்ப்பு வாங்கியாக வேண்டும். செலவு குறைவு, சுற்று அதிகம்.

வாடகை வீடு என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் யார் குடியிருக்கிறார் என்ற கேள்விக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை உடன்பாட்டைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வாடகைக்காரர் அதை உரிமைப் பத்திரத்தில் குறிப்பெழுதச் செய்துகொண்டால், பின்னால் வாங்குபவரையும் அது கட்டும். ஈடு வாங்குமுன் நில அலுவலகத்தில் தேடல் எடுத்து, அப்படி ஒரு குறிப்போ, வேறொருவரின் கேவியட்டோ, வங்கியின் சார்ஜோ இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் சார்ஜ் இருந்தால், அதன் ஷரத்துகள் பெரும்பாலும் வங்கியின் சம்மதமின்றி இரண்டாவது ஈடு வைப்பதைத் தடுக்கும். வீட்டுக்குப் போய் வாடகைக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். காகிதம் சொல்லாததை அவர் சொல்வார்.

இலாபமும் வேண்டும், வட்டியும் வேண்டாம் என்பவர்கள் கடன் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். 5,00,000 வெள்ளி வீட்டில் 1,50,000 வெள்ளி போட்டு, பத்தில் மூன்று பங்குக்கு உரிமைப் பத்திரத்தில் பெயர் ஏற்றிக்கொள்ளலாம். வாடகையில் மூன்று பங்கு இலாபம், விலை சரிந்தால் மூன்று பங்கு நஷ்டம். நஷ்டத்தில் பங்கு இல்லை, முதல் மட்டும் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று தனிச் சீட்டு எழுதினால், அது பங்கு என்ற பெயரில் வந்த கடன்தான். சரக்கெடுக்கக் குறுகிய காலத்துக்குச் சிறு தொகை வேண்டுவோர் வீட்டுப் பக்கமே போக வேண்டாம். 1992-இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவியிருக்கும் அர்-ரஹ்னு கடைகளில் நகையை வைத்தால் காரியம் முடியும்.

சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் சில வார்த்தைகள். அங்கே நடப்பிலுள்ள கடன் கொடுப்போர் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டு 2009 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. கூடுதல் தொகைக்குக் கடன் கொடுத்தவரை வட்டித் தொழிலாளி என்று அனுமானிப்பது அங்கும் உண்டு. ஆனால் கம்பெனிகள் போன்ற அமைப்புகளுக்கு மட்டுமே கடன் கொடுப்பவர் விலக்குப் பெறுகிறார். மலேசியாவில் அந்த விலக்கு இல்லை. ஜொகூர் பாலத்தின் ஒரு பக்கத்தில் கம்பெனிக்குக் கொடுத்த கடன் செல்லும், மறுபக்கத்தில் அதே கடன் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பதை இரு கரையிலும் வியாபாரம் செய்வோர் மறக்கலாகாது. அங்கே தனி மனிதர் ஒருவருக்கு ஒரே ஒரு கடன் கொடுத்தாலும் அந்த விலக்கின் "மட்டுமே" என்ற சொல் உடைந்துபோகும். லைசென்ஸ் இன்றித் தொழில் நடத்தினால் 30,000 முதல் 3,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும், நான்கு ஆண்டு வரை சிறையும், பிரம்படியும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைக் கழகத்தின் சம்மதமின்றித் தனியாரிடம் ஈடு வைக்கவே முடியாது.

கடைசியாகக் காலக்கெடு. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடன் பத்திரத்தின்மேல் ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். நிலத்தின்மேல் சார்ஜ் பதிந்த கடனுக்குப் பன்னிரண்டு ஆண்டு. தனியார் கேவியட் நுழைத்திருந்தால் அதன் ஆயுள் ஆறு ஆண்டு. நாட்காட்டியில் இந்தத் தேதிகளை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.